பாட்டில் ஆறும் நேரம்

அழுக்கு பாட்டிலைக் கொதிக்க வைத்தால் வெந்த அழுக்குதான் கிடைக்கும். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் கொதிக்க வைக்க வேண்டும். கழுவியது கண்ணுக்குத் தெரியும். கிருமி போனது தெரியாது, நம்பத்தான் வேண்டும்.

நான் வேலை செய்வது எங்கள் சுரங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கத்தரிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்துக் கொடுக்கும் அறையில். அங்கே ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு சரியாக ஏறியிருந்தால் அந்த டேப்பில் கறுப்புக் கோடுகள் தோன்றும். வீட்டில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. கொதித்து ஆறிய பாட்டிலும் வெறுமனே கழுவிய பாட்டிலும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் எங்கள் தெருக்காரர்கள் பல வருஷமாகத் தங்கள் காலி பாட்டில்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். அவர்கள் வீட்டிலும் அடுப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது. ஆனால் நான் கொதிக்க வைத்தால் அவர்களுக்கு நம்பிக்கை.

இது அம்மாவால் தொடங்கியது. அம்மா ஒவ்வொரு வருஷமும் பன்னீர் திராட்சையை வாங்கி, காம்பு கிள்ளி, சர்க்கரையும் உடைத்த கோதுமையும் கொஞ்சம் கிராம்பும் சேர்த்துச் சீனா ஜாடியில் போட்டு, வேட்டித் துணியால் வாயைக் கட்டி வைப்பாள். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. டிசம்பர் பிறந்ததும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுவாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம் அவ்வளவும் புளித்து வினிகராகப் போய்விட்டது. அம்மா திராட்சைக்காரனைத் திட்டினாள், ஜாடியைத் திட்டினாள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னாள். பாட்டிலை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை அவளே சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள் அல்லவா.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் என்ற அந்த நீராவி இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட திமிர் எனக்கு. "பாட்டில என்கிட்ட குடுத்துட்டு நீ பேசாம இரு" என்றேன். கொல்லைப்புறத்து ஷெட்டில் செங்கல் அடுப்பு மூட்டி, அலுமினிய அண்டாவில் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் ஒயின் தெளிந்து, சிவந்து, நாக்கில் சுருக்கென்று ஏறியது. தெருவில் இரண்டு வீடுகளில் அந்த வருஷமும் புளித்துப்போயிருந்தது. ஒன்றும் தெரியாதவள் போல அம்மா அந்த இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மறு வருஷம் அந்த இரண்டு வீட்டுப் பாட்டில்களும் எங்கள் வாசலில் நின்றன. பிறகு மற்ற வீடுகளும் வந்துவிட்டன.

என்னிடம் சில கறாரான விதிகள் உண்டு. மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலைத் தொடவே மாட்டேன், எத்தனை முறை கழுவினாலும் அந்த நாற்றம் போகாது. எண்ணெய் பாட்டிலும் வேண்டாம். மற்றதெல்லாம் சரி. ஸ்குவாஷ் பாட்டில், தேன் பாட்டில், பிராந்தி பாட்டில். பிராந்தி பாட்டில்தான் அதிகம் வரும். தெருக்கோடி வீட்டு அம்மா ஒவ்வொரு வருஷமும் லேபிளைச் சுரண்டிவிட்டுக் கொண்டுவந்து, "இது எங்க வூட்டுக்காரர் ஆபீஸ்ல யாரோ குடுத்தது" என்பார். அந்த ஆபீஸில் யாரோ வருஷா வருஷம் ரொம்பத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போடுவேன். அடியில் பிடித்த கசண்டு பிரஷ்ஷுக்கு எட்டாது. அதற்கு ஒரு பிடி பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் குலுக்க வேண்டும். பிறகு மூன்று தண்ணீர் அலசல். அண்டாவின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, பாட்டில்களைப் பச்சைத்தண்ணீரிலேயே இறக்கி, அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் பாட்டிலைப் போட்டால் விரிசல் விட்டுவிடும். தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விடுவேன். எங்கள் குழாய்த் தண்ணீரில் எதைக் கொதிக்க வைத்தாலும் வெளிறிய கோடு ஒன்று படியும், வினிகர் விட்டால் படியாது. கொதித்து முடிந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே ஆற விட வேண்டும். சூடான பாட்டிலை எடுத்து ஈரத் தரையில் வைத்தால் பட்டென்று போய்விடும்.

ஆறியதும் இடுக்கியால் எடுத்து, வேகவைத்த வெள்ளைத் துணியின் மேல் கவிழ்த்து வைத்து, மேலே இன்னொரு துணி போர்த்துவேன். இங்கே புதிதாக வந்தவர்கள் பாட்டிலை நிமிர்த்தி மதில்மேல் வெயிலில் வைப்பார்கள். அனல்மின் நிலையம் இருக்கும் எங்கள் ஊரில் வாயைத் திறந்து வைத்த எதிலும் சாம்பல் விழும். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்து உதறினால் தெரியும். அவ்வளவு பாடுபட்டுக் கொதிக்க வைத்துவிட்டுக் கடைசியில் சாம்பலைச் சேர்த்து ஊற்றி மூடியவர்களும் உண்டு.

யார் பாட்டில் எது என்று குழம்பாமல் இருக்க, கழுத்தில் நூல் கட்டுவேன். ரவிக்கை தைக்கிற நூல். எதிர்வீட்டுக்குப் பச்சை, தெருக்கோடிக்கு ஆரஞ்சு, எங்களுக்கு வெள்ளை. நிறம் ஒரு தடவை முடிவாகிவிட்டால் மாறாது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர்களின் நிறத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

இதெல்லாம் வேலை. நான் காத்துக்கொண்டிருந்தது வேறொன்றுக்கு. பாட்டில் ஆறக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் எல்லாரும் எங்கள் கொல்லையில், பலாமரத்தடியில், மழை பெய்தால் ஷெட்டுக்குள், உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக வந்திருப்பார்கள். அம்மா கடுங்காபி போடுவாள். யாருக்கு பெர்மனென்ட் ஆகப் போகிறது, யார் பெண்ணுக்கு வரன் வந்தது, யார் ஷிஃப்டுக்குப் போகாமல் டூட்டி மாற்றிக்கொண்டார்கள், எல்லாம் அங்கேதான் தெரியவரும். பாட்டில்களை வைத்துவிட்டுப் போய்ச் சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பேச வராது. கல்யாணமும் ஆகவில்லை, அது ஒரு பெரிய கதை ஒன்றும் இல்லை, பார்த்தார்கள், அமையவில்லை, விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் என் அறையில் பேச்சுக்கு இடமில்லை, இயந்திரத்தின் இரைச்சலும் நானும்தான். அதனால் வருஷத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெரிய நாள். நான் நடுவில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைச் சுற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்க்கா?" என்று யாராவது கேட்பார்கள். "அவசரப்படுத்தக்கூடாது" என்பேன். நான் அதிகாரம் செய்த ஒரே இடம் அதுதான்.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கோ பிள்ளைகளிடமோ போனார்கள். எங்கள் வரிசையிலேயே சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வாசற்படி வரைக்கும் புதர் வந்துவிட்டது. சிலர் ஒயின் போடுவதையே விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இறந்தாள். அந்த டிசம்பரில் துக்க வீடு என்று யாரும் பாட்டில் கொண்டுவரவில்லை. அது சரிதான், முறைதான். ஆனால் ஒரு தடவை நின்ற பழக்கம் மறுபடி தானாக நடக்கத் தொடங்குவதில்லை. அதற்கடுத்த வருஷம் இரண்டு மூன்று வீட்டுப் பாட்டில்கள் வந்தன. கடுங்காபி நானே போட்டேன், அம்மா போடுவது போல இல்லை. குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்கள்.

அம்மா போன பிறகு நான் ஒயின் போடவில்லை. அவளுடைய சீனா ஜாடியில் இப்போது புளி இருக்கிறது. ஒரு ஆள் குடிக்க ஒரு ஜாடி ஒயின் எதற்கு.

இந்த வருஷம் நவம்பர் கடைசியில் எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில், அதாவது தெருவின் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபம் வைக்கும் குழுவில், யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். ஒரு பொடி. தண்ணீரில் கலந்து பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதுமாம். கொதிக்க வைக்க வேண்டாம், மறுபடி அலசவும் வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கூரியரில் வீட்டுக்கே வரும். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். தெருக்கோடி அம்மா, "நாங்க போன வருசமே வாங்கிட்டோம், சூப்பரா இருக்கு" என்று எழுதியிருந்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டு அதை மூன்று தடவை பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பொடி வேலை செய்யும். அந்த மாதிரிச் சரக்கு ஆஸ்பத்திரிக்கும் வருகிறது. "நல்லது" என்று தட்டினேன். பிறகு அழித்தேன். ஒன்றும் எழுதாமலே இருந்துவிட்டேன்.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் விடிகாலையிலேயே அண்டாவைத் தேய்த்து ஷெட்டில் வைத்தேன். விறகை அடுக்கினேன். வெள்ளைத் துணியை வேகவைத்து, பிழிந்து, இஸ்திரி போட்டேன். பூசையில் எல்லாரையும் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள், "நல்லா இருக்கீங்களா" என்றார்கள். பாட்டில் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. "பாட்டில் இருந்தால் கொடுங்கள்" என்று நானாகக் கேட்க நான் என்ன பழைய இரும்பு வாங்குகிறவளா?

வீட்டுக்கு வந்து ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. பலாமரத்திலிருந்து ஷெட்டுத் தகரத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். தெருவில் ஒரு பைக் போனது, பால்காரன் போனான். பத்து மணி தாண்டியதும் விறகை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அம்மாமேல்கூடக் கோபம் வந்தது. அவள் மட்டும் இருந்திருந்தால் மதில் ஓரம் நின்று நாலு வீட்டைக் கூப்பிட்டிருப்பாள்.

அப்போது பக்கவாட்டு கேட் கிறீச்சிட்டது. எதிர் குவார்ட்டர்ஸ்காரி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். பிறந்தது காடாம்புலியூர், கணவனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. பச்சை நூல் அவளுடையது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கட்டைப்பையோடு வந்தாள். பைக்குள் பாட்டில்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகைச் சரிசெய்தேன்.

"லேட்டாயிட்ச்சாக்கா? வூட்ல வேல முடியல. ஆறு பாட்டிலுதான் இருக்குது" என்றாள்.

"ஆறா இருந்தா என்ன, அறுபதா இருந்தா என்ன. அண்டா ஒண்ணுதான்" என்றேன். குரலை வழக்கமான விறைப்புக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பையிலிருந்து முதல் பாட்டிலை எடுத்தேன். பழக்கம், மூக்குக்குத்தான் முதலில் போகும். ஒரு வருஷம் சும்மா கிடந்த ஒயின் பாட்டிலைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். இதில் ஒரு வாடையும் இல்லை. அடியில் மட்டும் எலுமிச்சை சோப்பின் மணம் லேசாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். கசண்டு இல்லை. கழுத்துக்குக் கீழே, உள்பக்கம், மெல்லிசாக வெளிறிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. இரண்டாவது பாட்டிலிலும் அதே இடத்தில் அதே கோடு. மூன்றாவதிலும்.

நம் தண்ணீரில், வினிகர் விடாமல், நன்றாகக் கொதித்த பாட்டில்கள். சுத்தமோ சுத்தம். ஆஸ்பத்திரியாக இருந்தால் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும்.

வழக்கம்போலவே சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அரிசியும் உப்பும் போட்டுக் குலுக்கினேன். கொட்டிய தண்ணீர் தெளிவாகவே வந்தது. அலசினேன், துண்டை மடித்துப் போட்டேன், பச்சைத்தண்ணீரில் இறக்கினேன், வினிகர் விட்டேன், அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் சுவரோரம் குந்திக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா வீட்டிலிருந்து முந்திரி வந்திருக்கிறதாம், கேக்குக்கு எனக்கும் கொஞ்சம் தருகிறாளாம். கணவனுக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்கும் நைட் ஷிஃப்ட் விழுந்திருக்கிறதாம். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். ஈர விறகு, புகை கண்ணைக் கரித்தது. மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததே, காலையிலிருந்து காத்திருந்து கேட் சத்தம் கேட்டதும் வந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொதித்தது. நேரம் பார்த்து விறகை வெளியே இழுத்துவிட்டேன். இனி ஆற வேண்டும். கடுங்காபி போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தபிறகு கேட்டேன்.

"எப்ப கொதிக்க வச்சே?"

அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "என்னாக்கா?"

"இந்தப் பாட்டில். எப்ப கொதிக்க வச்சே?"

"நேத்து சாயங்காலம்" என்றாள், மெதுவாக.

"கொதிக்க வச்சதை எதுக்கு இங்க கொண்டாந்தே?"

"அயுக்கா கொண்டாந்தா உங்களுக்குத்தான வேல ஜாஸ்தி. கை வலிக்குதுன்னு அன்னிக்கு சொல்லிக்கினு இருந்தீங்க. அதான் கொஞ்சம்..."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எதையும் அடி வரைக்கும் தேய்த்துப் பார்த்தால்தான் நிம்மதி. "உன் ஒயின் எப்ப ஊத்தப் போறே?" என்றேன்.

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"கேக்கறேன்ல."

"ஊத்தியாச்சுக்கா. முந்தாநாளே ஊத்தி மூடிட்டேன்."

"எதுல?"

"வேற பாட்டில்ல. அந்தப் பொடி போட்டு." பிறகு, "போன வருசமும் பொடிதான்க்கா" என்றாள்.

போன வருஷமும் அவள் வந்தாள். நான் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அந்தப் பாட்டில்கள் காலியாகவே அவள் வீட்டுப் பரணில் ஏறி, ஒரு வருஷம் கிடந்து, இப்போது எனக்காக மறுபடி இறங்கி வந்திருக்கின்றன. அண்டாவுக்குள் ஆறிக்கொண்டிருந்தவை ஒயினுக்கான பாட்டில்களே இல்லை. என்னை உட்கார வைத்துப் பேசுவதற்காகக் கொண்டுவந்த பாட்டில்கள்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவள் என்மேல் வைத்த அன்பு எனக்குத் தெரியவே இல்லை. தெரு முழுக்க என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இவளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. "பாவம் பாக்க வந்தியா?" என்றேன். "நான் என்ன சோத்துக்கு இல்லாம உக்காந்திருக்கேனா?"

"அப்டி இல்லக்கா."

"வேற எப்டி? எடுத்துட்டுப் போ உன் பாட்டில."

மூடியைத் தூக்கி எறிந்தேன். ஆவி குப்பென்று முகத்தில் ஏறியது. இடுக்கியால் ஒரு பாட்டிலைப் பிடித்து இழுத்து, ஷெட்டுக்கு வெளியே தூறலில் நனைந்திருந்த சிமென்ட் தரையில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பட்டென்று அடிப்பாகம் கழன்று, பாட்டில் இரண்டாகச் சாய்ந்தது. ஊருக்கெல்லாம் நான் சொன்ன விதி அது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் அசைந்தாள். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, சில்லுகளைக் கூட்டி, பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி ஓரமாக வைத்தாள். அண்டாவின் மூடியை எடுத்துத் துடைத்து, மற்ற ஐந்தின் மேல் மூடினாள். "ஆறட்டும்க்கா. நான் அப்பறமா வந்து எடுத்துக்கறேன்" என்றாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். கேட்டைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினாள்.

காபி டம்ளர் பாதியோடு தரையில் இருந்தது. அதை எடுத்துக் கழுவி வைத்தேன். ஷெட்டில் உட்கார்ந்தேன். பாட்டில்கள் ஆறின. ஆறியதை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் கவிழ்த்தேன், கழுத்தில் பச்சை நூல் கட்டினேன், இன்னொரு துணி போர்த்தினேன். ஊற்ற ஒன்றும் இல்லாத ஐந்து பாட்டில்கள். ஆனாலும் ஒரு முடிச்சைக்கூட அவசரமாகப் போடவில்லை. வேலை முடிந்தபோது மதியம் ஆகியிருந்தது. ராத்திரி வைத்த குழம்பு இருந்தது, சாப்பிட்டேன். அந்த வீட்டில் என் தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அம்மா போனதிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அது எனக்குக் கேட்டது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடியே யோசித்தேன். அவள் எத்தனை தடவை இந்த வீட்டுக்கு வந்திருப்பாள். பாட்டிலோடு, முந்திரியோடு, பிரசவித்த சேதியோடு, அம்மாவைப் பார்க்க, அம்மா போனபிறகு மூன்று நாள் சாப்பாடு தூக்கிக்கொண்டு. நான் அவள் வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்? பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஒரு தடவை, கவர் கொடுக்க. கேட்டுக்கு வெளியே நின்று பேசியது உண்டு. அவள் வீட்டில் எந்தப் பக்கம் சமையலறை என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி கட்டியது என்பதால் ஊகித்திருந்தேன், அவ்வளவுதான். அடுப்பை மூட்டிவிட்டு யாராவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் யாருக்காகவும் தெருவைத் தாண்டியதில்லை. அவளுக்காவது சாக்காக ஆறு பாட்டில் எடுத்துக்கொண்டு வரத் தெரிந்தது.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஐந்து பாட்டில்களையும் அவள் பையில் அடுக்கினேன். முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து, கதவைப் பூட்டினேன். கேட் வரை போனவள் நின்றேன். இந்தப் பை கையில் இருந்தால் நான் பாட்டில் கொடுக்க வந்தவள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "சரிக்கா" என்று அனுப்பிவிடலாம். நானும் திரும்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். திரும்பிவந்து பையை வாசல் திண்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு தெருவில் இறங்கினேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தது, சிவப்பு வெளிச்சம் ஈரத் தரையில் விழுந்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். பாத்திரம் வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஈரத்தைத் துடைக்கக்கூட மறந்துவிட்டது.

"என்னாக்கா? எதுனா வோணுமா?"

காலையில் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் தெருவைத் தாண்டும்போது நினைத்தேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "சும்மாதான் வந்தேன்."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள். நாற்காலியில் மடிக்காத துணிக் குவியல் இருந்தது. அதை அப்படியே வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, "குந்துங்கக்கா" என்றாள். கணவன் செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தான், பிள்ளைகள் கேரல் பாடப் பழகப் போயிருந்தார்கள். சமையலறை நான் ஊகித்த பக்கத்தில்தான் இருந்தது. அங்கே அலமாரியில் அவளுடைய ஒயின் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பொடி போட்டுக் கழுவியவை. கலந்துபோக வேறு யாருடைய பாட்டிலும் அந்த வீட்டில் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நூல் கட்டியிருந்தாள். முடிச்சு என் முடிச்சு மாதிரியே இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவள் காபி போட்டாள். பால் காபி. குடித்தேன். முந்திரியை ஒரு டப்பாவில் போட்டு என் பக்கத்தில் வைத்தாள். மழை பற்றிக் கொஞ்சம் பேசினோம், பிறகு பேச்சு நின்றது. என் வீட்டில் இப்படிப் பேச்சு நின்றால் நான் எழுந்துபோய் அண்டாவைத் தொட்டுப் பார்ப்பேன், இன்னும் ஆறவில்லை என்பேன், எல்லாரும் மறுபடி உட்காருவார்கள். இங்கே அடுப்பின் மேல் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. காலி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.